பாட்டியின் காசும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மாமியாரின் தாயார் விட்டுச்சென்ற தகரப்பெட்டியில், மஞ்சள் துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்த பொற்காசு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒருபுறம் தாடி வைத்த அரசரின் தலை, மறுபுறம் குதிரை வீரன், அதன் கீழே 1918 என்ற ஆண்டு, விளிம்பில் ஒரு சிறு வளையம். கடையில் உரசிப் பார்க்க வேண்டும் என்றார்களாம். அவருக்கு மனம் ஒப்பவில்லை. காசுக்குக் கீறல் விழாமல் வீட்டிலேயே அறிந்துகொள்ள வழி உண்டா என்பது அவருடைய கேள்வி.

அவர் வர்ணிப்பது சவரன் எனப்படும் பிரிட்டிஷ் பொற்காசு. நாம் இன்று 8 கிராமைச் சவரன் என்றும் பவுன் என்றும் சொல்வது இந்தக் காசின் பெயரைக் கொண்டுதான். அதன் சரியான எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தரம் 22 கேரட். 1899 முதல் அது இந்தியாவில் 15 ரூபாய்க்கு ஈடாகச் செல்லுபடியானது. 1918ஆம் ஆண்டில் மட்டும் பம்பாயிலேயே சுமார் 13 லட்சம் சவரன்கள் அச்சிடப்பட்டன. அவற்றில் ஆண்டுக்கு மேலே ஆங்கில 'ஐ' எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். டெல்டாக் குடும்பங்களில் வளையம் பற்றவைத்து, காசுமாலையில் கோத்தவை எத்தனையோ.

முதலில் ஒரு வேண்டுகோள். புளி, சாம்பல், பற்பசை எதைக் கொண்டும் காசைத் தேய்க்காதீர்கள். பழங்காசைச் சேகரிப்பவர் பார்ப்பது அதன் மேற்பரப்பை; ஒருமுறை தேய்த்து அழித்த நுண்கோடுகள் திரும்ப வரமாட்டா. உரைகல்லும் அருமையான கருவிதான்: கல்லில் விழும் கோட்டின் நிறத்தைத் மாற்று, அதாவது பொன்னின் தரம், ஏற்கெனவே தெரிந்த கோட்டோடு ஒப்பிட்டு, அமிலத்தில் செம்பும் வெள்ளியும் கரைய மஞ்சள் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கோடு காசிலிருந்தே உரிந்து வருகிறது.

தண்ணீருக்கு அந்தக் குறை இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும்: நீருக்குள் இருக்கும்வரை இலகுவாக வரும் வாளி, நீர்மட்டத்தைத் தாண்டியதும் கையை இழுக்கும். மூழ்கிய பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசையோடு நீர் மேலே தூக்குகிறது என்று பள்ளியில் படித்தோம். நீர் காசை மேலே தூக்குமானால் காசு நீரை அதே அளவு கீழே அழுத்த வேண்டும் அல்லவா? அந்த அழுத்தத்தைத் தராசு காட்டிவிடும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் மின்னணுத் தராசின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படியும், அடியையோ பக்கத்தையோ தொடாமலும் கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். காசின் எடையை நூலும் நீரும் தாங்குகின்றன. தராசில் தெரிவது காசு விலக்கிய நீரின் எடை மட்டுமே. ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், தராசு காட்டும் எண்ணே காசின் கன அளவு.

இந்த இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது. அளவுகோலை வைத்து ஒரு காசின் கன அளவைக் கண்டுபிடிக்க முயன்றால், குதிரையின் கால்களுக்கு இடையே உள்ள பள்ளத்தையும் விளிம்பிலுள்ள வரிகளையும் எப்படிக் கணக்கிடுவது? தண்ணீரோ அரசரின் தாடி மயிர்வரை புகுந்து, ஒரு மேடு பள்ளம் விடாமல் அளந்து, அதை ஒரே எண்ணாகத் தந்துவிடுகிறது.

காசின் எடையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. தூய தங்கத்தின் அடர்த்தி 19.3, செம்பின் அடர்த்தி 8.96. இவை 22க்கு 2 என்ற எடை விகிதத்தில் கலந்தால் அடர்த்தி ஏறத்தாழ 17.6 ஆகும். எனவே நல்ல சவரன் ஒன்று 0.45 கிராம் நீரை விலக்கும். அதே எடையுள்ள ஈயம் 0.70 கிராமையும் பித்தளை ஏறத்தாழ 0.94 கிராமையும் விலக்கும். முலாம் எவ்வளவு பளபளத்தாலும் இந்த வேறுபாட்டை மறைக்க முடியாது.

கெடுப்பது காற்றுக்குமிழிதான். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே குமிழி ஒட்டியிருந்தால் கன அளவில் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடிவிடும். காசு இருப்பதைவிட மட்டமானதாகத் தோன்றும். காசை முன்னதாக நனைத்து, நீருக்குள் மெல்ல அசைத்துக் குமிழிகளை விடுவிக்க வேண்டும். தராசின் நுட்பமும் முக்கியம். சவரனில் நூறில் ஒரு பங்கு கிராம் பிழை என்பது இரண்டு சதவீதம், 3.4 கிராம் எடையுள்ள பழைய வராகனில் அது ஐந்து சதவீதம் ஆகிவிடும். அரை கிராம்கூட இல்லாத பொற்பணத்துக்கு இந்த முறை பயன்படவே பயன்படாது.

அத்தகைய சிறு காசுகளுக்கு எக்ஸ் கதிர்க் கருவி வேண்டும். கதிர் பட்டதும் தங்கம், செம்பு, வெள்ளி ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும், காசு கீறப்படுவதில்லை. ஆனால் அது காண்பது மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் ஆழத்தை மட்டுமே. தண்ணீரோ காசு முழுவதையும் பேசவைக்கிறது. இக்கருவி நகைக்கடைகளில் இருக்கிறது. நம் மாவட்ட அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் அதை வாங்கி வைத்து, இத்தகைய வீட்டுக் காசுகளைக் கட்டணமின்றிச் சோதித்துப் பதிவு செய்ய அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்தது என்று கல்வெட்டிலேயே பொறித்து வைத்த மண் இது.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த காசுக்குச் சக்தி உண்டு, அரிசியை இழுக்கும் காசுக்குக் கோடி ரூபாய் என்றெல்லாம் பேசி வருபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். அரிசியை இழுக்கும் உலோகம் எதுவும் இல்லை. அந்தப் பேச்சை நம்பிச் சேமிப்பை இழந்த குடும்பங்களின் துயரம் பெரிது.

அடர்த்தி சரியாக இருப்பதால் மட்டும் காசு அசலாகிவிடாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் லெபனானில் உண்மையான தங்கத்தைக் கொண்டே போலிச் சவரன்கள் அச்சிடப்பட்டன. எனவே உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்துகளின் கூர்மையையும் விளிம்பு வரிகளையும் பார்க்க வேண்டும். மேலும், நூறாண்டு கடந்த காசு சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துச் செல்லவோ கூடாது.

வாசகி இம்முறையைச் செய்து பார்த்து மீண்டும் எழுதினார். வளையத்தோடு எடை 8.42 கிராம், முதல்முறை விலகிய நீர் 0.51 கிராம், அதாவது அடர்த்தி 16.5. ஏறத்தாழ 20 கேரட்தானோ என்று கலங்கியிருக்கிறார். வளையத்துக்குள் குமிழிகள் சிக்கியிருந்ததைப் பார்த்து, அவற்றை விடுவித்து மீண்டும் அளந்தபோது 0.49 வந்தது, அடர்த்தி 17.2. மீதமுள்ள குறைவுக்கு வளையத்தின் மட்டமான பொன்னும் அதை ஒட்டவைத்த பற்றாசும் காரணமாக இருக்கலாம். பற்றவைத்த இடத்தை விட்டு விலகி, அரசரின் கன்னத்தில் ஒருமுறை எக்ஸ் கதிர்ச் சோதனை செய்தால் அதுவும் தெளிவாகிவிடும். ஆண்டுக்கு மேலே அந்தச் சிறிய 'ஐ' இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இருக்கிறதாம்.