கடதாசிப்பூவுக்குத் தண்ணி விடலாமா?

ஆனி மாதம். சோளகக் காற்று முற்றத்து மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கிளிநொச்சியில் எனக்கு நெருக்கமான ஒரு வீட்டின் முன் விறாந்தையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணை இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர். அக்கா சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர். பின்னேரம் ஐந்து மணி ஆனால் இருவரையும் வளவுக்குள்தான் பார்க்கலாம். ஒருவர் கூட்டுவார், மற்றவர் பாத்தி கட்டுவார். அன்றைக்கு அண்ணை வாளியைத் தூக்கிக்கொண்டு படலையடிக்குப் போனார். அங்கே கடதாசிப்பூ மரம் இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

“இஞ்சருங்கோ, அதுக்கு விடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!”

“வாடி நிக்கிறதைப் பாரும். பாக்கப் பாவமா இருக்கு.”

“பக்கத்து வீட்டில ஒரு சொட்டுத் தண்ணி விடுறேல்லை, மரம் முழுக்கப் பூ. இஞ்ச வெறும் இலையும் முள்ளும்.” அப்புறம் அக்கா என் பக்கம் திரும்பினார். “நீங்கள் விஞ்ஞானம் எழுதுற ஆள்தானே. சொல்லுங்கோ, ஆர் சரி?”

இந்த விடயத்தில் பெரும்பாலும் அக்காதான் சரி. அதற்கான காரணம் அந்த முள்ளிலேயே இருக்கிறது. அதை அவர்களுக்கு அன்றைக்கே காட்டிவிட்டேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

போகன்வில்லா என்று நாம் சொல்லும் இந்தக் கடதாசிப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமர்சன் இதைச் சேகரித்தார். கப்பல் தலைவர் போகன்வில்லின் பெயர் செடிக்கு நிலைத்துவிட்டது. ஆனால் கொமர்சனோடு ஆண் வேடத்தில் அந்தக் கப்பலில் போய், அவருக்கு உதவியாளராக, துணையாகச் செடி சேகரித்தவர் ழான் பாரே என்ற பெண். உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர்தான். இந்தச் செடியை முதலில் பறித்தது அவர் கையாக இருக்கலாம் என்று எண்ணுபவர்களும் உண்டு. வளவில் சேர்ந்து வேலை செய்யும் ஒரு சோடியைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும்.

நிறம் காட்டும் அந்த மூன்று மெல்லிய தாள்களும் பூவிதழ்கள் இல்லை. அவை நிறம் மாறிய இலைகள், பூவடியிலைகள். அவற்றின் நடுவே நிற்கும் வெள்ளைக் குழல்கள்தான் பூ, மூன்று தாளுக்கு மூன்று பூ. தாளின் கருஞ்சிவப்பு பீற்றூட்டில் இருக்கும் அதே வகை நிறப்பொருளால் வருகிறது. செவ்வரத்தையின் சிவப்பு வேறு குடும்பத்தைச் சேர்ந்த நிறப்பொருள். இதெல்லாம் பள்ளியில் படித்தவர்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது.

ஒரு கொப்பை இழுத்துப் பிடியுங்கள், கையைக் கிழித்துவிடாமல் கவனம். இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையை, அதாவது இலைக்கக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு முள் இருக்கும். முள்ளின் அடியில், கடுகு அளவில் ஓர் அரும்பும் இருக்கும். சரி, இப்போது பூத்த கொப்பு ஒன்றை எடுத்து, பூந்துணரின், அதாவது பூக்கொத்தின், காம்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அதே மூலை. முள் நிற்கவேண்டிய அதே இடத்திலிருந்து பூக்காம்பு வருகிறது. பூ உதிர்ந்த பிறகு அந்தக் காம்பு காய்ந்து, ஈர்க்குப்போல அங்கேயே விறைத்து நிற்கும். கிட்டத்தில் பார்த்தால் முள்ளின் தம்பி மாதிரி இருக்கும்.

முள்ளும் பூந்துணரும் தொடங்குவது ஒரே பொருளிலிருந்துதான். கக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு கலக்கூட்டமாகத் தொடங்கும்போது அதற்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஒரு வழியில் போனால் கிளைத்து, காம்பாக நீண்டு, பூவடியிலையும் பூவும் விடும். மற்ற வழியில் போனால் வளர்ச்சி நின்று, நுனி கூராகி, கட்டைபோல இறுகி முள்ளாகிவிடும். போகன்வில்லாவின் முள் ஒவ்வொன்றும் பூக்காமல் போன ஒரு பூந்துணர்.

எது எப்படிப் போகும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? 1960களில் கலிபோர்னியாவில் ஹாக்கெற், சாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். பகல் குறுகியிருந்தால் பூப் பக்கம் சாய்கிறது, நீண்டால் முள் பக்கம். ஜிபரலின் என்ற ஓமோனைத் தெளித்தால் பூந்துணர் வளர்ச்சி தடைப்படுகிறது. பிறகு 1974இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் அழகானது. நுனியில் விரிந்துவரும் இளந்தளிர்களைக் கையால் கிள்ளிவிட்டார்கள், பூந்துணர் வளர்ச்சி கூடியது. செடிக்கு எந்த மருந்தும் இல்லை, இளந்தளிரை எடுத்தது மட்டும்தான்.

இளந்தளிர் ஏன் பூவுக்கு எதிரி? இரண்டு காரணம். ஒன்று, ஜிபரலின் பெருமளவில் உண்டாகும் இடங்களில் இளந்தளிரும் ஒன்று. மற்றது, சாப்பாடு. முற்றிய இலைகள் வெயிலில் தயாரிக்கும் சீனியை வளருகின்ற நுனிதான் முதலில் இழுத்துக்கொள்ளும். கக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு கூட்டத்துக்கு மிச்சம் சொச்சம்தான். பசி கிடந்தது முள்ளாகிறது.

இப்போது அண்ணையின் வாளியைச் செடியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு கலம் பெரிதாக வேண்டுமானால் உள்ளே நீர் அழுத்தம் வேண்டும். சைக்கிள் ரியூப்புக்குக் காற்று மாதிரி. மண் காயத் தொடங்கினால் முதலில் நிற்பது இந்த ஊதிப் பெருக்கும் வேலைதான், அதாவது புதுத் தளிர் விடுவது. இலைகளில் ஒளித்தொகுப்பு அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் நடக்கும். இன்னும் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் இலைவாய்களை, அதாவது இலையின் நுண்துளைகளை, மூடச் சொல்லும், அப்போது அதுவும் குறைந்துவிடும். ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தைப் பாருங்கள். அடுப்பு எரிகிறது, சமையல் நடக்கிறது, பந்தியில் முதலில் குந்துகிறவன் வரவில்லை. அந்தச் சீனி கக்கத்துக்குப் போகிறது. பல செடிகளில் வறட்சி ஜிபரலினையும் குறைக்கிறது. ஆய்வாளர்கள் விரலால் கிள்ளிச் செய்ததை எங்கள் ஆனி வெயில் மண்ணைக் காயவைத்துச் செய்கிறது. அண்ணை வாளியோடு வரும் ஒவ்வொரு தடவையும் நுனிக்குத் தளிர் விடத் தெம்பு வருகிறது, கக்கம் மறுபடி பட்டினி.

அதோடு அவர் வயலில் மிஞ்சிய யூரியாவையும் ஒரு பிடி போடுவாராம். நைதரசன் தளிருக்கும் இலைக்கும்தான் போகும். அன்பால் செய்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் அது முள்ளுக்குப் பசளை போடுவதுதான்.

பகல் நீளத்தைப் பற்றி ஒரு சொல். கிளிநொச்சியில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். அதனால் இங்கே கடிவாளம் பெரும்பாலும் தண்ணீரிடம் இருக்கிறது. வன்னியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். அந்த மாரி முழுக்க மரம் பச்சைப் பசேலென்று நீண்ட கொப்புகளை எறியும். தை பிறந்து மண் காய, அதே கொப்பின் நுனியில் பூ வரும். இதை அக்காவே கண்டுபிடித்தார். தண்ணீர் விடாத பக்கத்து வீட்டு மரத்திலிருந்து வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொப்பை முறித்து வந்து அடியிலிருந்து விரலால் எண்ணினார். முதல் ஒன்பது கணுவிலும் முள். பத்தாவதில் முள் கொஞ்சம் மெலிவு. பதினோராவதிலிருந்து நுனி வரைக்கும் பூக்காம்பு. “இந்த ஒன்பதும் மழைக்குள்ள வந்தது. இதில மழை விட்டிருக்கு” என்று பத்தாவது கணுவில் நகத்தை வைத்தார். ஒரு கொப்பில் மாரியையும் கோடையையும் இவ்வளவு தெளிவாக வாசித்தவரை நான் முன்பு கண்டதில்லை.

முள்ளுச்செடி வாசலில் நின்றால் வீட்டுக்கு ஆகாது, சண்டை வரும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டவும் சொன்னார்களாம். இந்தப் பேச்சு எனக்குக் கோபம் மூட்டுகிறது. 2010இல் அவர்கள் மீளக்குடியேற வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. யாரும் தண்ணீர் ஊற்றாத அந்த வளவில் படலையடியில் இந்த ஒரு மரம்தான் பூத்து நின்றது. தறப்பாளுக்குள் இருந்த மாதங்களில் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று அக்கா சொன்னார். அதைத் தரித்திரம் என்று வெட்டச் சொல்பவர், ஒரு முள்ளையாவது கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜிபரலின் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர், நெற்பயிர் அளவுக்கு மீறி நெடுத்து மெலிந்து சாயும் ஒரு நோயை ஆராய்ந்தார். ஒரு பங்கசு சுரக்கும் பொருள்தான் பயிரை இழுத்து நீட்டுகிறது என்று காட்டினார். அதைத் தொடர்ந்து போனவர்கள் செடிகளுக்குள்ளேயும் அந்த வகைப் பொருள் இருப்பதைக் கண்டார்கள். இன்று விதையில்லா முந்திரிகை வளர்ப்பவர்கள் அதைத் தெளிக்கிறார்கள். வயல் நோயில் தொடங்கிய கேள்வி எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது! அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நெல்லுக்கும் மிளகாய்க்கும் ஆய்வுப் பணம் வரட்டும், வரவேண்டும். அதில் ஒரு சிறு பங்கை வீட்டு முற்றங்களுக்கும் ஒதுக்கினால் என்ன? எந்தப் பூச்செடி எவ்வளவு தண்ணீரோடு எங்கள் கோடையைத் தாண்டும் என்பது, கிணற்றில் அடி தெரியும் மாதங்களில் சின்னக் கேள்வி இல்லை.

அக்கா சொல்வதைக் கேட்டு எல்லாச் செடியையும் காயவிட்டுவிடாதீர்கள். செவ்வரத்தை வாடினால் மொட்டை உதிர்த்துவிடும். மல்லிகைக்கும் கோடையில் ஈரம் வேண்டும். புதிதாக நட்ட போகன்வில்லாத் தடிக்கு வேர் பிடிக்கும்வரை அண்ணையின் வாளி கட்டாயம் தேவை. வளர்ந்த மரத்துக்கு, இலை தொய்யும்வரை பொறுத்து, பிறகு ஒரு தடவை ஆழமாக ஊற்றினால் போதும். பூ புதுக் கொப்பில் வருவதால், கொப்பு வெட்டுவதைப் பூத்து முடிந்த பிறகு, மாரிக்கு முன்பே செய்துவிடுங்கள்.

அண்ணை படலையடிக்கு வாளி கொண்டுபோவதை விட்டு மூன்று கிழமைக்குப் பிறகு நுனிகளில் அரும்பு வந்திருப்பதாக அக்கா சொன்னார். அந்தத் தண்ணீர் இப்போது செவ்வரத்தைக்குப் போகிறதாம். இருவரும் சேர்ந்து ஒரே கொப்பில் வெட்டிய இரண்டு தடிகளைச் சாடியில் வைத்து வேர் பிடிக்கவிட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒன்றை வெளியே விட்டு, மற்றதை வெளிச்சம் படும் தாழ்வாரத்தின் கீழ் நனையாமல் வைக்கப்போகிறார்களாம். குறுகிய பகல், காய்ந்த மண், இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் தாழ்வாரத்துச் செடி ஊரெல்லாம் மழை பெய்யும் கார்த்திகையிலேயே பூக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அண்ணை நம்பவில்லை. கணுக்களை எண்ண நூல் கட்டி வைத்திருக்கிறார்.