அந்தக் கட்டத்தில் டிக் போடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என் மேசைக்கு மறுபடியும் ஒன்று வந்துவிட்டது, விண்டோஸில் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கெடுத்த மெஷின். வீரவநல்லூர் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர். கல்யாண வீடியோ எடிட் பண்ணும் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்திருந்தார். கடன் வாங்கிப் புது மதர்போர்டும் ஆறு கோர் பிராசசரும் போட்டிருக்கிறார் (கோர் என்றால் பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக ஆக்கும் ரெண்டர் நேரம் மட்டும் குறையவே இல்லை. "பழைய சரக்கத் தேய்ச்சு புதுசுன்னு வித்துட்டானோ அண்ணாச்சி?" என்று கேட்டபோது அவருக்கு முகமே சரியில்லை.

மெஷினுக்குள் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. கீழே லாஜிக்கல் பிராசசர்கள் என்ற இடத்தில் 12 இருக்க வேண்டும் (இந்தப் பிராசசரில் ஒவ்வொரு கோரையும் விண்டோஸ் இரண்டாக எண்ணும்), 2 என்று இருக்கிறது. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. "எம்எஸ்கான்ஃபிக்ல போயி எதையும் மாத்துனீங்களா?" என்றேன். "அது பழைய போர்டு இருக்கும்போதே செஞ்சதுலா. வேகம் கூடும்னு வீடியோவுல சொன்னான்" என்றார்.

விஷயம் இதுதான். எம்எஸ்கான்ஃபிக் என்பது விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று மாற்றும் கருவி. அதில் பூட் பக்கம் போய் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸை அழுத்தினால் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' என்று ஒரு கட்டம் வரும். டிக் இல்லாமல், மங்கலாக, பக்கத்தில் 1 என்ற எண்ணோடு இருக்கும். இந்த மங்கலான 1-ஐக் காட்டித்தான், வேகம் கூட்ட வழி சொல்லும் வீடியோக்காரர்கள் பிழைக்கிறார்கள். "பாத்தீங்களா, உங்க விண்டோஸ் ஒரே ஒரு கோரைத்தான் யூஸ் பண்ணுது, மத்ததெல்லாம் தூங்குது." சுத்தப் பொய். டிக் இல்லை என்றால் அந்த 1-க்கு அர்த்தமே கிடையாது. டிக் இல்லாதவரை விண்டோஸ் இருக்கிற எல்லாக் கோரையும் எடுத்துக்கொள்ளும். 1993-ல் வந்த விண்டோஸ் என்டி-க்கே ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்களுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியும். சாதாரண மேசைக் கணினிக்கு இரண்டு கோர் சிப்புகள் 2005-ல் வந்தன. அவற்றை முழுதாக ஓட்ட யாரும் எங்கும் போய் டிக் போடவில்லை.

அந்தக் கட்டம் கூட்டுவதற்கு அல்ல, குறைப்பதற்கு. "இந்த எண்ணிக்கைக்கு மேல் எடுக்காதே" என்று விண்டோஸுக்குப் போடும் உத்தரவு. மென்பொருளும் டிரைவரும் எழுதுகிறவர்கள், குறைந்த கோரில் தங்கள் சரக்கு எப்படி ஓடுகிறது என்று சோதிக்க வைத்தது. 4 லாஜிக்கல் பிராசசர் உள்ள மெஷினில் 4 என்று போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, முன்பு இருந்ததே இருக்கும். வேகம் கூடியதுபோல் தெரிந்தால், அது ரீஸ்டார்ட் பண்ணிய புண்ணியம். 2 போட்டால் பாதி போயிற்று. அதைவிட மோசம், அந்த உத்தரவு டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும். ஸ்டூடியோக்காரர் பழைய இரண்டு கோர் மெஷினில் "அதிகபட்சம்" என்று நினைத்து 2 போட்டார், அன்றைக்கு நஷ்டமில்லை. பிறகு போர்டை மாற்றியவர், விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டி டிஸ்க்கை அப்படியே கழற்றி இதில் மாட்டினார். உத்தரவும் கூடவே வந்துவிட்டது. பாவம், கடைக்காரரைப் போய்த் திட்டிக்கொண்டிருக்கிறார்.

டிக்கை எடுத்தேன், ரீஸ்டார்ட், 12. அவ்வளவுதான் வேலை. இதற்கு நான் என்ன காசு வாங்க?

அதே பெட்டியில் பக்கத்திலேயே 'மாக்சிமம் மெமரி' என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அது இதைவிடப் பொல்லாதது. 8 ஜிபி ராம் இருக்கிறதே என்று 8192 போடுவார்கள். அது அளவைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்த்து வெட்டும். ராமில் ஒரு பகுதி அந்த எல்லைக்கு மேலே உள்ள முகவரியில் இருக்கும், அது அப்படியே கைவிட்டுப் போகும். டாஸ்க் மேனேஜரில் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் பெரிய எண் தெரிந்தால் முதலில் இந்தக் கட்டத்தைச் சந்தேகப்படுங்கள். ரொம்பச் சின்ன எண் போட்டுவிட்டால் விண்டோஸே எழும்பாது. அப்படி வந்த மெஷின்களை ரிகவரி திரைக்குள் போய்த்தான் மீட்க வேண்டியிருக்கும்.

டிக்கை எடுத்த பிறகு ஷட்டவுன் பண்ணி மறுபடி ஆன் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் உள்ளே பாதியைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் தூங்கும். "தினமும் ராத்திரி அணைச்சிருதேன்" என்பவரின் டாஸ்க் மேனேஜரில் அப்டைம் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினால் நம்ப மாட்டார்கள். ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த கேள்வி டவுணில் கணக்கு எழுதும் கடைகளிலிருந்து வரும். "சிபியு 25 சதவீதம்தான் காட்டுது, அப்புறம் ஏன் பில் போட இவ்வளவு நேரம்?" நான்கு கோர் மெஷினில் 25 என்றால் ஒரு கோர் முழுதாக மூச்சுமுட்டுகிறது என்று பொருள் கொள்ளலாம். எட்டு லாஜிக்கல் என்றால் அந்த எண் பன்னிரண்டரை. பழைய மென்பொருள் பலவும் ஒற்றை ஓட்டமாக, அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் பயன்படுத்தும்படி எழுதப்பட்டவை. கிணற்றுக்குள் ஒரு ஆள்தான் இறங்கித் தூர் வார முடியும் என்றால் மேலே ஏழு பேர் நின்று என்ன? கிராஃபில் வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்களாகப் பிரித்துப் பாருங்கள். விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றி விடுவதால் ஒரே கட்டம் உச்சியில் நிற்காமலும் போகலாம், அதனால் மொத்தச் சதவீதம் ஒரே எண்ணில் அசையாமல் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கோர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகம்தான் முக்கியம். 16 கோர் வாங்கித் தலையில் கட்டுவது வியாபாரம், உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

வீடியோ ரெண்டர் இதற்கு நேர்மாறு. அதைப் பிரித்துக் கொடுக்கலாம், எல்லாக் கோரும் வேலை செய்யும். அப்போது 100 காட்டினால் பயப்படாதீர்கள், அதற்குத்தானே காசு கொடுத்தீர்கள். ஒன்றுமே திறக்காமல் சும்மா இருக்கும்போது 100 காட்டி, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் விசிறிச் சத்தம் அடங்கிக் கீழே இறங்கினால், அப்போது பயப்படுங்கள். காசு கொடுக்காமல் விண்டோஸை ஓட்டப் போடும் திருட்டு ஆக்டிவேட்டரோடு ஒளிந்து வந்த நாணயத் தோண்டி (உங்கள் மெஷினை வைத்து வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் நிரல்) உள்ளே இருக்கலாம். கிராக் போடாதீர்கள் என்று சொன்னால் யாருக்கும் காதில் விழுவதில்லை, சரி, விடுங்கள்.

டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 என்று இருந்தால் அது வைரஸ் இல்லை. மெஷின் சும்மா இருக்கிறது என்று பொருள். அதை எண்ட் டாஸ்க் கொடுக்கப் பார்ப்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதை விட்டுவிட்டேன். ராம் கிளீனர் என்று எதையும் போடாதீர்கள். கேஷில் (மறுபடி தேவைப்படும் என்று விண்டோஸ் எடுத்து வைத்திருப்பதில்) இருக்கும் ராம் வீண் இல்லை, வேறு நிரல் கேட்டால் விண்டோஸே விட்டுக்கொடுக்கும்.

உண்மையைச் சொன்னால், ஸ்லோ என்று என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் பிராசசருக்குச் சம்பந்தமே இல்லாதவை. டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் சிவந்து நிற்கும், சிபியு 8-ல் கிடக்கும். 2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினிகளில் ஹார்டு டிஸ்க்குடன் வந்தவை இன்னும் களக்காட்டிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வருகின்றன. ஒரு எஸ்எஸ்டி மாற்றினால், பிள்ளைகள் படிக்க அந்த மெஷின் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். ராம் 90-ஐத் தாண்டியே நின்றால் ராம் போடுங்கள். எந்தக் கோப்பு டிஸ்க்கைப் போட்டு இழுக்கிறது என்று தெரிய ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பக்கம் போதும், தனி மென்பொருள் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் இன்னொன்றையும் பாருங்கள். சிபியு பக்கத்தில் ஸ்பீட் என்று ஒரு எண் ஓடும். கடும் வேலை ஓடும்போதும் அது பேஸ் ஸ்பீடுக்கு (அங்கேயே காட்டும் அடிப்படை வேகத்துக்கு) ரொம்பக் கீழே கிடந்தால், பெரும்பாலும் சூடு தாங்காமல் பிராசசர் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடைகளில் பிராசசரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கைத் திறந்தால் ரொட்டிக்குப் பிசையும் அளவுக்கு மாவு இருக்கும். வருஷம் ஒரு முறையாவது தூசி தட்டச் சொல்லுங்கள், விசிறிக்குக் காற்றுப் போக இடம் விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன், அது இழுத்துக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிராசஸஸ் பக்கத்தை ஒரு படம், பெர்ஃபார்மன்ஸில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் தனித்தனிப் படம், போனில் எடுத்து உங்கள் சர்வீஸ்காரருக்கு அனுப்புங்கள். ரீஸ்டார்ட் பண்ணிய பிறகு எடுத்து அனுப்பாதீர்கள், அதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.