பழைய அளவு ஏன் கொல்கிறது?

"எத்தனை வருசம் பாவிச்ச நீங்க?" என்று ஹெரோயின் பாவிப்பவரிடம் டொக்டர் கேட்டால் பதில் சட்டென்று வரும். எட்டு வருசம், பத்து வருசம். "இடையில எப்பவாவது விட்டிருந்த நீங்களா?" என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். ஆனால் உயிர் தொங்குவது இந்த இரண்டாவது கேள்வியில்.

கல்லடியில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் பேப்பரில் ஹெரோயின் தூளைச் சூடாக்கிப் புகையை இழுப்பவர். இலங்கையில் பெரும்பாலும் இப்படித்தான், ஊசி குறைவு. ஹெரோயின் மூளைக்குள் போனதும் மோர்பினாக மாறி, நம் உடம்பே சுரக்கும் எண்டோர்பின் என்ற வலிநீக்கிக்காக நரம்பணுக்களில் இருக்கும் ஏற்பிகளில், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில், போய் ஒட்டிக்கொள்கிறது. வலி அடங்கும், மனம் மிதக்கும். கூடவே, மூளைத் தண்டில் மூச்சை நடத்தும் நரம்பணுக்களும் சோம்பிப்போகும்.

தினமும் இது நடந்தால் அணுக்கள் சும்மா இருக்குமா? அம்பாறைப் பக்கம் அரிசி ஆலைக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா, கத்திக் கத்தியே கதைப்பார்கள். அணுக்களும் அப்படித்தான். ஏற்பிகள் மந்தமாகும், உள்ளே வேலை இரட்டிப்பாகும். அதனால் முதல் மாதத்து அளவு பிறகு ஒன்றும் செய்யாது, அளவு ஏறும். ஆலை திடீரென்று நின்றால்? கத்தல் மட்டும் மிஞ்சும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், கால் உளைச்சல் எல்லாம் அந்தக் கத்தல்தான். கடைசியாக எடுத்து 6 முதல் 12 மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமையில் பெரும்பாலும் அடங்கும். (குடலும் கண்மணியும் மட்டும் அவ்வளவாகப் பழகுவதில்லை. பத்து வருசக்காரருக்கும் மலச்சிக்கல் உண்டு, கேட்டால்தான் சொல்வார்.)

சரி, நம் ஆட்டோக்காரர் மூன்று மாதம் மறியலில் ஹெரோயின் இல்லாமல் இருந்துவிட்டு வருகிறார். அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. கைக்கு மட்டும் பழைய அளவு ஞாபகம் இருக்கிறது. அதே அளவை இழுக்கிறார், மூச்சு நிற்கிறது. கூடவே சாராயமோ தூக்கக் குளிசையோ போயிருந்தால் இன்னும் சீக்கிரம்.

இடமும் இதில் ஒரு கை. 1982இல் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் எலிகளுக்கு ஒரே பெரிய அளவு ஹெரோயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெரோயினையே அறியாத எலிகளில் 96 வீதம் செத்தன. பழகிய எலிகளுக்குப் புது அறையில் கொடுத்தபோது 64 வீதம், வழக்கமான அறையில் 32 வீதம். பழகிய இடத்தைக் கண்டதுமே உடம்பு எதிர்ப்புக்குத் தயாராகிவிடுகிறது. புது இடத்தில் அந்த முன்னேற்பாடு இல்லை. ஆகவே "எங்க வச்சு எடுத்த நீங்க?" என்பதும் வெறும் விடுப்பு அல்ல.

தட்டியும் எழும்பாமல், குறட்டை மாதிரிச் சத்தத்தோடு மூச்சு இழுபட்டு, உதடு நீலம் பாய்ந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். மூச்சே இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆஸ்பத்திரியில் நலோக்சோன் என்ற மாற்று மருந்தை ஏற்றினால், அது மோர்பினை ஏற்பியிலிருந்து தள்ளிவிடும். சில நிமிசத்தில் ஆள் எழும்பி, "எனக்கு ஒண்டுமில்ல, வீட்ட போறன்" என்பார். விடக்கூடாது. நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிசத்தில் முடிந்துவிடும், மோர்பின் அதற்குப் பிறகும் உள்ளேயே இருக்கும்.