பெரியவர்களுக்கு டான்சில் அறுவை: வாயைத் திறக்கும் முன் ஒரு கணக்கு

“டாக்டர், சதை ரொம்ப வளர்ந்திருக்கா பாருங்க, எடுத்துடணுமா?” என்று கேட்டபடியே வாயைத் திறந்து காட்டுகிறவர்களிடம், கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. போன வருடம் எத்தனை தடவை தொண்டை வலி வந்தது? ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் நீடித்தது? காய்ச்சல் இருந்ததா, கழுத்தில் நெறி கட்டியதா? எத்தனை நாள் லீவு போட்டீர்கள்? பெரும்பாலும் வரும் பதில், “அடிக்கடி வரும் டாக்டர்.” அந்த ‘அடிக்கடி’ ஒருவருக்கு வருடத்துக்கு இரண்டு தடவை, இன்னொருவருக்கு மாதத்துக்கு ஒன்று. முன்னவருக்கு அறுவை தேவையில்லை, பின்னவருக்குத் தேவைப்படலாம். வலி இல்லாத நாளில் பார்த்தால் இருவர் தொண்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

டான்சிலின் அளவை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்து எழுதி வைப்போம். தொண்டையில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். எத்தனை தடவை சீழ் பிடிக்கும் என்பதைச் சொல்லாது. பெரிய டான்சிலை வைத்துக்கொண்டு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் சின்ன டான்சில் ஆளைப் படுத்தி எடுப்பதும் உண்டு. கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1934-ல் நியூயார்க்கில் 1000 பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மிச்சம் 389 பேரைப் பார்த்த மருத்துவர்கள், 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் அதிலிருந்து 99 பேரைப் பொறுக்கினார்கள். மிஞ்சிய 116 பேரை இன்னொரு குழு பார்த்து, 51 பேருக்கு எடுக்கச் சொன்னது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதிப் பேர்! இன்னும் சில சுற்று விட்டிருந்தால் ஒரு டான்சிலும் தப்பியிருக்காது போல.

அதனால்தான் இன்று எண்ணிக்கையைக் கேட்கிறோம். ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 தடவை, அல்லது தொடர்ந்து மூன்று வருடம் வருடத்துக்கு 3 தடவை. இந்த அளவை எட்டினால் அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற மருத்துவர் குழந்தைகளிடம் நடத்தி 1984-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வரையறை இது. பெரியவர்களுக்கும் அதையே கடன் வாங்கிப் பயன்படுத்துகிறோம். எட்டினால் பேசலாம் என்றுதான் அர்த்தம், எட்டியவுடன் எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. அப்புறம், எல்லாத் தொண்டைக் கரகரப்பும் இந்தக் கணக்கில் வராது. வலியோடு 38.3 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், கழுத்தில் வலிக்கும் நெறி, டான்சில் மேல் வெள்ளைப் படிவு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதாகச் சொல்லும் பரிசோதனை, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதுவும் ஒரு மருத்துவர் பார்த்து எழுதி வைத்ததாக இருந்தால் நல்லது. நம் நினைவு தொண்டை வலி விஷயத்தில் மிகவும் தாராளமானது.

ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். மாதாமாதம் டான்சில் வீங்குகிறது, இந்த விடுமுறையில் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தார். “கையில் பழைய சீட்டு ஏதாவது இருக்காம்மா?” என்றேன். கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். காய்ச்சலும் வெள்ளைப் படிவும் எழுதியிருந்த சீட்டு இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் காலையில் எழும்போது தொண்டை காய்ந்து எரிவது, பத்து மணிக்கு மேல் சரியாவது. “ராத்திரி மூக்கு அடைக்குமா?” என்று கேட்டதும், “அது சின்ன வயசிலேருந்தே இருக்கு டாக்டர், அதைச் சொல்லணும்னு தோணலை” என்றார். மூக்கு ஒவ்வாமைக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்தேன். டான்சிலை எடுத்திருந்தாலும் அவர் வாயால்தான் மூச்சு விட்டிருப்பார், தொண்டையும் காய்ந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

இப்படி டான்சில் மேல் பழி விழும் நோய்கள் நிறைய. வயிற்று அமிலம் மேலேறுவது, மூக்கிலிருந்து சளி பின்பக்கமாக இறங்குவது, நாள் முழுக்கக் கத்திப் பேசுவது, புகை, சாதாரண வைரஸ் சளி. எதற்கும் டான்சில் பொறுப்பல்ல. இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. இளவயதில் வரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலில் டான்சில் பயமுறுத்துகிற மாதிரி வீங்கி, வெள்ளை போர்த்தி, வாரக்கணக்கில் சோர்வு இருக்கும். அந்த ஒரு தடவையை வைத்து அறுவைக்குப் போகக் கூடாது. ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு வருகிறவர்களும் உண்டு. அந்த எண், உடம்பு எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சந்தித்ததற்கான தடயம். அது மட்டும் உயர்ந்திருப்பது டான்சிலை எடுக்க ஒரு காரணமே அல்ல.

சரி, கணக்கு எட்டிவிட்டது, நிஜமாகவே டான்சில்தான் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தால் எவ்வளவு லாபம்? இதற்குப் பெரியவர்களிடமே நடந்த ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன 453 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே அறுவை, இன்னொரு குழுவுக்கு வழக்கமான மருத்துவம். வாரந்தோறும் குறுஞ்செய்தி மூலம் எத்தனை நாள் தொண்டை வலித்தது என்று கேட்டு இரண்டு வருடம் எண்ணினார்கள். 2023-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அறுவைக் குழுவில் நடு எண்ணாக (அதாவது பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 23 நாள் வலி, மற்றக் குழுவில் 30 நாள். ஆரம்பத்தில் தொந்தரவு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, வலி நாட்கள் ஏறக்குறைய பாதியாகியிருந்தன. இன்னொரு பக்கம், அறுவை செய்துகொண்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு பதிவாகியிருந்தது.

இந்த எண்களை நான் படிக்கும் விதம் இது: பலன் நிஜம், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. வருடத்தில் ஏழெட்டுத் தடவை படுக்கையில் விழுந்து, தேர்வையோ வேலையையோ இழந்துகொண்டிருப்பவருக்கு இது மிக நல்ல பேரம். வருடத்தில் மூன்று தடவை வந்து, மூன்று நாளில் சரியாகிவிடுபவருக்கு, மிச்சமாகும் நாட்களை அறுவைக்குப் பின் வரும் இரண்டு வாரமே விழுங்கிவிடும். இடையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஆறு மாதமோ ஒரு வருடமோ எழுதி வையுங்கள் என்பதுதான். தேதி, காய்ச்சல் எவ்வளவு, எத்தனை நாள், என்ன மருந்து. கைப்பேசி நாட்காட்டியே போதும். எழுத ஆரம்பித்த பிறகு தொந்தரவு குறைந்துபோய் திரும்பி வராதவர்கள் உண்டு. எழுதியதைக் கொண்டுவந்து காட்டி, ஒரே சந்திப்பில் அறுவைக்குத் தேதி வாங்கிப் போனவர்களும் உண்டு.

எண்ணிக்கையே பார்க்காமல் முடிவெடுக்கும் சில சூழ்நிலைகள் தனி. முதலாவது, ஒரு பக்க டான்சில் மட்டும் வளர்வது. இரண்டும் அச்சு அசலாக ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஒன்று குழிக்குள் ஆழமாகவும் மற்றது மேலாகவும் இருந்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் சில வாரங்களில் ஒரு பக்கம் மட்டும் பெரிதானால், அதன் மேல் புண் இருந்தால், அந்தப் பக்கக் காதில் வலி, கழுத்தில் கரையாத கட்டி, எச்சிலில் ரத்தம், எடை குறைவது என்று ஏதாவது சேர்ந்தால், புற்றுநோயோ லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றோ இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். திசுவைச் சோதிக்கும் பயாப்ஸிக்காகவே டான்சிலை எடுக்க நேரலாம். புகையிலை பக்கமே போனதில்லை என்பது இங்கே ஆறுதல் தராது. ஹெச்.பி.வி. என்ற மனித பாப்பிலோமா வைரஸால் வரும் டான்சில் புற்றுநோய் புகைக்காதவர்களுக்கும் வருகிறது. இதில் நாட்காட்டி எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, டான்சிலைச் சுற்றிச் சீழ்க்கட்டி. ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காது. எச்சில் விழுங்க முடியாமல் துண்டில் ஒற்றிக்கொண்டே வருவார். குரல், வாய் நிறையச் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். விளக்கடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மேலண்ணம் பிதுங்கி, உள்நாக்கை எதிர்ப் பக்கம் தள்ளியிருக்கும். மரத்துப்போகும் மருந்தை அடித்து ஊசியால் குத்தி இழுத்தால், சிரிஞ்சில் கெட்டியான சீழ் ஏறும். அடுத்த நிமிடமே, “இப்போ விழுங்க முடியுது டாக்டர்” என்பார். என் தொழிலில் இவ்வளவு உடனடியாக நன்றி கிடைக்கும் வேலை வேறில்லை. முதல் தடவை என்றால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடலாம், பலருக்கு மறுபடி வருவதில்லை. இரண்டாவது தடவை வந்தாலோ, முன்பே அடிக்கடி டான்சில் தொந்தரவு இருந்தவர் என்றாலோ, ஆறியதும் எடுத்துவிடச் சொல்வேன்.

மூன்றாவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. டான்சில் நிஜமாகவே பெரிதாக இருந்து, உடல் எடை மிக அதிகமாக இல்லாவிட்டால், எடுப்பது நல்ல பலன் தரலாம். தூக்கப் பரிசோதனை செய்யாமல் குறட்டைக்காக மட்டும் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

டான்சில் குழிகளில் சேரும் வெள்ளைக் கற்கள், அதனால் வாய் நாற்றம் என்று வருபவர்கள் இப்போது அதிகம். கற்கள் ஆபத்தில்லை. கொப்பளித்தும், மெல்ல நீர் பீய்ச்சியும் சமாளிக்கலாம். எதுவும் பலிக்காமல் வாழ்க்கையே கசந்தால் எடுக்கலாம், ஆனால் அது கடைசிப் படி.

எடுத்துவிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா என்று கேட்பார்கள். டான்சில் மும்முரமாக வேலை செய்வது குழந்தைப் பருவத்தில். பருவ வயதுக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கத் தொடங்கும். நாக்கின் வேர்ப்பகுதியிலும் மூக்கின் பின்னாலும் அதே வகைத் திசு இருக்கிறது, உடம்பு முழுக்க நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. வளர்ந்தவருக்கு இதை எடுப்பதால் அடிக்கடி நோய்வாய்ப்படுவார் என்பதில்லை. அதேபோல, எடுத்த பிறகு தொண்டையே வலிக்காது என்பதும் இல்லை. டான்சில் இல்லாவிட்டாலும் தொண்டை இருக்கிறதே.

நான் அதிகம் வற்புறுத்திச் சொல்வது வலியைப் பற்றி. சின்ன வயதில் எடுத்துக்கொண்ட தம்பி மூன்றாம் நாள் விளையாடப் போனான் என்ற கதையை நம்பி வராதீர்கள். பெரியவர்களுக்கு வலி கடுமையாக இருக்கும், மூன்றாம் நாளுக்கு மேல் இன்னும் கூடும், பத்து நாள் முதல் இரண்டு வாரம் நீடிக்கும். காதும் வலிக்கும். இரண்டுக்கும் ஒரே நரம்பு என்பதால் வருவது, காதில் கோளாறு இல்லை. எடுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு படலம் படரும். சீழ் என்று பயந்து பலர் தொலைபேசியில் அழைப்பார்கள். முழங்காலில் அடிபட்டால் மேலே பொருக்கு கட்டுவது போலத்தான் இதுவும், ஈரமான இடம் என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தப் படலம் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உரியும். அப்போதுதான் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு அதிகம், அதாவது, தேறிவிட்டோம் என்று நினைத்து வெளியே கிளம்பும் நேரத்தில்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடாமல், முதல் வாரம் முழுக்கக் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். விழுங்க வலிக்கிறதே என்று சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வலி கூடத்தான் செய்யும். மாத்திரை போட்ட அரை மணி கழித்துச் சாப்பிடுங்கள், மெல்லுங்கள். ஐஸ்கிரீம் மட்டுமே உணவு என்பது குழந்தைகளைச் சம்மதிக்க வைக்கச் சொல்வது. ஆஸ்பிரின், ரத்தத்தை இளக்கும் மற்ற மருந்துகள், நாட்டு மருந்துகள் எது எடுத்தாலும் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போன கதை குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அதையும்.

எந்தக் கருவி நல்லது, கோபிளேஷனா (ரேடியோ அலையால் திசுவைக் கரைத்து எடுப்பது), லேசரா, கத்தியும் கத்தரியும் கொண்ட பழைய முறையா என்று கேட்பவர்களுக்கு: 2003–04-ல் பிரிட்டனில் நடந்த தேசியத் தணிக்கையில், சூடு பயன்படுத்தும் முறைகளில் ரத்தக்கசிவு கூடுதலாகவும், சூடில்லாத பழைய முறையில் குறைவாகவும் இருந்தது. புதுக் கருவி என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் மருத்துவருக்கு எது கைவந்ததோ அதைச் செய்யட்டும். அவர் செய்த அறுவைகளில் எத்தனை பேருக்கு ரத்தக்கசிவு வந்தது என்று கேட்பதில் தப்பே இல்லை, நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தேதி குறிக்கும்போது இரண்டு வாரத்தை முழுதாக ஒதுக்குங்கள். அந்த நாட்களில் தொலைதூரப் பயணம், கனமான தூக்கல், புகை எதுவும் வேண்டாம். இரவில் வீட்டில் ஒருவராவது கூட இருக்க வேண்டும், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். எச்சிலில் ஓரிரு கோடு ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். சிவப்பாகத் துப்பும்படி வந்தால், நேராக உட்கார்ந்து முன்பக்கம் சாய்ந்து, விழுங்காமல் துப்பிக்கொண்டே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் போங்கள், வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.