கம்ப்ரெஷன் போஸ்ட்: தமிழில் முட்டுக்கால்

போஸ்ட் என்றதும் நமக்குத் தபாலும் விளக்குக் கம்பமும்தான் ஞாபகம் வரும். பாய்மரப் படகுக்காரர்கள் சொல்லும் கம்ப்ரெஷன் போஸ்ட் வேறு. பழைய ஃபைபர் கிளாஸ் படகுகள் பலவற்றில் பாய்மரம் படகின் அடிவரை இறங்காது, மேல்தளத்தின் மீதே நிற்கும். தளம் அமுங்காமலிருக்க அதற்கு நேர் கீழே, அறைக்குள், ஒரு கால் கொடுத்திருப்பார்கள். அதுதான் இது.

இரண்டு சொற்களுக்கும் வேர் லத்தீன். முதலாவது 'சேர்த்து அழுத்துவது', இரண்டாவது 'கதவு நிலைக்கால்'. அழுத்தம் என்பது மரத்தின் எடை மட்டுமில்லை. பாய்மரம் சாயாமல் இருபுறமும் பிடித்திருக்கும் பக்கக் கம்பிகளை முறுக்க முறுக்க அவை அதைக் கீழே இழுக்கும், காற்று ஏறினால் இன்னும் இழுக்கும், எல்லாம் இந்த ஒற்றைக் கால் தலையில்தான்.

கேட்டலினா 30 என்று 1970களில் வந்த அமெரிக்கப் படகு. அதில் பழையவற்றில் இந்தக் காலின் அடியில் ஒரு மரக்கட்டை இருக்கும். படகின் அடியில் தேங்கும் நீரில் அது ஊறி இற்றுப்போனால் கால் இறங்கும், கூடவே தளமும். கம்பியை எத்தனை முறை இறுக்கினாலும் தொய்யும், கழிப்பறைக் கதவு நிலையில் இடிக்கும். கதவைச் சீவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு! சரிசெய்ய வேண்டுமானால் பாய்மரத்தை இறக்கிவிட்டு, அல்லது கம்பிகளையாவது தளர்த்திவிட்டு, தளத்தை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, காலைக் கழற்றி, ஈரக் காபித்தூள் மாதிரி கருத்துக் கிடக்கும் கட்டையை உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் மறுபடி மரம் வைக்காதீர்கள். எபாக்ஸி என்ற பிசினில் ஊறிய கண்ணாடியிழைப் பலகைகளை அடுக்கி ஒட்டுவது நல்லது, அது இற்றுப்போகாது.

தமிழில் 'அழுத்தத் தூண்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சாயும் சுவருக்கும், கான்கிரீட் போடும்போது பலகைக்கும் நாம் கொடுப்பது முட்டு, ஆகவே முட்டுக்கால். பாய்மரத்தின் அடி உட்காரும் இடம், அதாவது மாஸ்ட் ஸ்டெப், வேறு உறுப்பு. பாய்மரத்துக்குப் பழைய பெயர் கூம்பு. புயலில் சிக்கிய கப்பலைச் சொல்லும் மணிமேகலை 'கூம்புமுதல் முறிய' என்கிறது, முதல் என்றால் அங்கே அடி. அதை வைத்து மாஸ்ட் ஸ்டெப்பைக் கூம்படி எனலாம். அப்புறம் குழப்பமில்லை: தளத்துக்கு மேலே கூம்படி, கீழே முட்டுக்கால்.