கார்பன் மோனாக்சைடு தெரியவில்லையா? அதற்காக ஹைட்ரஜனை இல்லாமல் ஆக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நாலாவது. மதிப்பீட்டுக்கு வந்த ஒரு முதுகலை ஆய்வறிக்கை. அருகிலுள்ள ஏழு குறுங்கேலக்ஸிகளுக்கு ஓர் அட்டவணை. விண்மீன் பிறப்பு வீதம் என்ற பத்தியில் ஒழுங்காக எண்கள் இருக்கின்றன. அடுத்த பத்தி மூலக்கூறு வாயுவின் நிறை, அதாவது விண்மீன்கள் பிறக்கும் மூலப்பொருளான, பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறான குளிர்ந்த வாயு. அதில் மூன்று கேலக்ஸிகளுக்கு நேரே 0.00. கீழே ஒரு வரி: "இவற்றில் மூலக்கூறு வாயு இல்லாமலேயே விண்மீன்கள் பிறக்கின்றன." நாலாவது கேலக்ஸியில் வாயு இன்னும் 3 கோடி ஆண்டில் தீர்ந்துபோகுமாம்.

மாவே இல்லாமல் தோசை சுட்டிருக்கிறார்.

முழுப் பழியையும் மாணவர்மேல் போட முடியாது. கணினி நிரலில் 4.35 என்ற எண்ணை யாரோ எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடின் ஒளிர்வை அந்த எண்ணால், அதாவது மாற்றுக் காரணியால், பெருக்கினால் மூலக்கூறு வாயுவின் நிறை சூரிய நிறைகளில் கிடைக்கும். ஒளிர்வு தெரியாவிட்டால் விடை 0. நம் பால்வெளியின் தட்டுக்குப் பொருந்தும் எண் அது. அங்கேயே 30 சதவீதம் முன்பின் ஆகலாம் என்று வானியலாளர்கள் பொலாட்டோ, வுல்ஃபைர், லீராய் மூவரும் 2013-இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். அதை மேற்கோள் பட்டியலில் சேர்க்காத மாணவர் இல்லை, படித்தவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எடைபோட வேண்டியது ஹைட்ரஜன் மூலக்கூறை. ஆனால் 10, 20 கெல்வின் குளிரில் கிடக்கும் அந்த மூலக்கூறு வாய் திறக்காது. அது வெளிவிடும் ஒளியின் மிகத் தாழ்ந்த நிறமாலை வரியான 28 மைக்ரானை எழுப்பவே ஏறத்தாழ 500 கெல்வின் அளவுக்கு ஆற்றல் வேண்டும். அதனால்தான் 1970-இல் வில்சனும் ஜெஃபர்ட்ஸும் பென்சியாஸும் ஓரியன் நெபுலாவில் 115 கிகாஹெர்ட்ஸில் கண்டுபிடித்த கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொண்டோம். அது வெறும் அடையாளம். ஹைட்ரஜன் வேறு, அது வேறு.

இதை எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கோயிலுக்குள் இருக்கும் கூட்டத்தைத் தலையெண்ண முடியவில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி ஆளைக் கணக்கிடுகிறீர்கள். நகரத்துக் கோயிலில், சாதாரண நாளில், இது பலிக்கும். தைப்பூசத்தன்று பழநியில்? பாதயாத்திரையாக வெறுங்காலோடு வந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! மூன்று ஜோடி செருப்புதான் கிடந்தது, ஆகவே மூன்று பேர்தான் வந்தார்கள் என்று எழுதுவீர்களா?

உலோகம் குறைந்த கேலக்ஸிகள் வெறுங்கால் யாத்திரைக்காரர்கள். (ஹீலியத்தைத் தாண்டிய எல்லாமே எங்களுக்கு உலோகம்தான். வேதியியல்காரர்கள் மன்னிக்க.) கார்பனும் ஆக்சிஜனும் குறைவு என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. தூசும் குறைவு. தூசு என்ற குடை இல்லாவிட்டால் புற ஊதாக் கதிர் மேகத்துக்குள் ஆழமாகப் புகுந்து கார்பன் மோனாக்சைடை உடைத்துப்போடும். ஹைட்ரஜன் மூலக்கூறு அப்படி உடையாது. வெளிப்பக்கத்து மூலக்கூறுகளே கதிரை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றிவிடும். ஆகவே மேகம் முழுக்க ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்க, கார்பன் மோனாக்சைடு நடுக்கருவில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். உலோகம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் காரணியை ஐந்தால் பெருக்கிவிட்டுப் போகலாம் என்ற குறுக்குவழியும் இங்கே செல்லாது.

டபிள்யூ.எல்.எம். என்ற குறுங்கேலக்ஸியைப் பாருங்கள். சுமார் 30 லட்சம் ஒளியாண்டு தூரம், சூரியனில் உள்ளதில் 13 சதவீதம்தான் உலோகம். 2013-இல்தான் அங்கே கார்பன் மோனாக்சைடு பிடிபட்டது. 2015-இல் சிலியிலுள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கி வரிசை காட்டியது பத்தே பத்து சின்ன மேகங்கள், சராசரி ஆரம் 2 பார்செக் (சுமார் 6.5 ஒளியாண்டு). பெரிய வாயுப் போர்வைக்குள் புதைந்த மிளகு மாதிரி. அந்த மிளகை மட்டும் எடைபோட்டுவிட்டு, பொங்கல் இவ்வளவுதான் என்கிறது நம் அறிக்கை.

அந்த 3 கோடி ஆண்டைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டாமா? அருகிலுள்ள சுருள் கேலக்ஸிகளில் மூலக்கூறு வாயு தீர ஏறத்தாழ 200 கோடி ஆண்டு ஆகும். பல நூறு கோடி ஆண்டாக விண்மீன் பெற்றுவந்த ஒரு கேலக்ஸி, நாம் தொலைநோக்கியைத் திருப்பிய நேரம் பார்த்தா கடைசி மூச்சு விடும்?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆர்ப் 220 மாதிரி மோதிக்கொண்டிருக்கும் கேலக்ஸியில் 4.35-ஐப் போட்டால், சுழற்சி வேகம் அனுமதிக்கும் மொத்த நிறையையே வாயு எட்டிப்பிடித்துவிடும். அங்கே வழக்கமாக 0.8 போடுகிறோம்.

இனி சில விஷயங்கள், தயவுசெய்து. சிக்னல் இல்லையென்றால் 0 என்று எழுதாதீர்கள். இரைச்சல் அளவை வைத்து மேல்வரம்பு கொடுங்கள். உலோகச் செறிவைப் பார்க்காமல் காரணியைத் தொடாதீர்கள். அகச்சிவப்பில் தூசின் நிறையையோ, 158 மைக்ரானில் அயனியான கார்பனையோ ஒரு தடவையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடின் அடுத்த வரியான 2–1-இன் தரவை, 115 கிகாஹெர்ட்ஸ் வரியான 1–0 மாதிரி பயன்படுத்தாதீர்கள், சாதாரணத் தட்டில் இரண்டின் ஒளிர்வு விகிதம் 0.65 பக்கம் இருக்கும். ஆல்மாவின் பெரிய ஆன்டெனாத் தரவு மட்டும் கையில் இருந்தால் பரவலான ஒளிர்வு காணாமல் போயிருக்கும். 7 மீட்டர் வரிசையையும் தனி ஆன்டெனாத் தரவையும் சேர்த்தார்களா என்று கேளுங்கள். ஹீலியத்துக்கான 1.36-ஐச் சேர்த்தீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு கட்டுரைகள் 36 சதவீதம் சண்டைபோடுவதைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன். நாலு நாளில் புது அட்டவணை வந்தது. "மேடம், மூன்றுக்கும் மேல்வரம்பு போட்டுவிட்டேன். தூசு வைத்துக் கணக்கிட்டால் அந்த 3 கோடி, 90 கோடி ஆகிறது" என்று எழுதியிருந்தார். நல்ல பிள்ளை. ஹீலியத்தைத்தான் இன்னும் சேர்க்கவில்லை.