வாலண்டூரிசம்: தன்னார்வச் சுற்றுலா

கல்லூரி விடுமுறையில் ஓரிரு வாரங்கள் ஏழை நாடொன்றுக்குப் போய், அங்குள்ள குழந்தைகள் இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளோடு விளையாடி, மிச்ச நாட்களில் ஊர் சுற்றிப் பார்த்துத் திரும்புவது போன்ற பயணங்களை வாலண்டூரிசம் என்கிறார்கள். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், அமெரிக்க மாணவர்களிடையே இது பரவலான வழக்கம். முகவர் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கின்றன. வாலண்டியர், டூரிசம் என்ற இரண்டையும் ஒட்டவைத்த இச்சொல் 1990களில் புழக்கத்துக்கு வந்தது.

வாலண்டியர் என்பதற்கு வேர், விருப்பத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கட்டாயமின்றித் தானே முன்வந்து படையில் சேர்ந்தவனைக் குறித்தது. டூர் என்பதன் வேர் கடைசல் கருவியைச் சுட்டும் கிரேக்கச் சொல். சுழல்வது, சுற்றிவருவது என்று பொருள் விரிந்தது. நம் சுற்றுலாவிலும் அந்தச் சுற்று இருக்கிறது. உடன் நிற்கும் உலாவோ ஒரு சிற்றிலக்கிய வகையின் பெயர். அதில் வீதியில் பவனி வரும் தலைவனைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் பார்க்கிறார்கள். இன்றைய சுற்றுலாவில் வருகிறவரே பார்க்கிறார்; ஊரார் காட்சிப்பொருளாகிறார்கள்.

வாலண்டியருக்குத் தன்னார்வலர் என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. அதிலுள்ள ஆர்வலர் பழைய சொல். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்ற குறளில் அது அன்புடையவரைக் குறிக்கிறது. ஆர்வம் என்றால் வெறும் உற்சாகம் என்று இன்று நாம் கொள்ளும் பொருள் அதன் ஒரு பகுதிதான்.

வாலண்டூரிசத்தைத் 'தொண்டுச் சுற்றுலா' என்று எழுதுவதும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம். தொண்டர் என்றால் ஆட்பட்டவர், வாழ்நாளையே கொடுத்தவர். இரண்டு வாரப் பயணத்துக்கு அச்சொல்லைக் கொடுத்தால், அங்கே நடப்பது மறைந்துபோகும்.

கம்போடியாவைப் பாருங்கள். 2005இல் 154 ஆக இருந்த குழந்தைகள் இல்லங்கள் 2010இல் 269 ஆகிவிட்டன. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பி, வறுமையில் வாடிய பெற்றோர் அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள். அங்கோர் வாட் கோயில் பார்க்க வருவோர் தங்கும் சியம் ரீப் நகரில், இல்லப் பிள்ளைகள் பயணிகள் முன் அப்சரா நடனம் ஆடினார்கள், நன்கொடை வந்தது. பிள்ளைகள் இருந்தால்தான் பணம் வரும் என்றானபின் இல்லங்கள் பெருகாமல் என்ன செய்யும்? புதிதாக வரும் ஒவ்வொரு மாணவர் குழுவும் ஆங்கில எழுத்துகளை முதலிலிருந்து தொடங்குகிறது. முன்பின் அறியாதவர் மடியில் வந்தவுடன் ஏறி உட்காரும் குழந்தையைப் பார்த்து மாணவர்கள் நெகிழ்கிறார்கள். பழகியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடும் வாழ்க்கை அந்தக் குழந்தையை அப்படிப் பழக்கியிருக்கிறது.

குழந்தைகள் இல்லங்களை நோக்கிய இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'ஆர்ஃபனேஜ் டூரிசம்' என்று தனிப்பெயர் உண்டு. 'அநாதை இல்லச் சுற்றுலா' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறார்கள். அநாதை என்றால் காப்பவர் இல்லாதவர். பெற்றோர் இருக்கும் பிள்ளையை அப்படி அழைப்பது, இல்லம் நடத்துவோரின் பொய்க்குத் துணைபோவது. 'காப்பகச் சுற்றுலா' என்றே எழுதலாம். பணத்துக்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதை ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் நவீன அடிமைமுறை பற்றிய விசாரணையில் ஆராய்ந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இந்தச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டது.

வெளிநாடு போய்ப் பணிசெய்யும் எல்லோரையும் இச்சொல்லில் அடக்க வேண்டாம். 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பில் சேர்வோர், முதலில் சுமார் மூன்று மாதம் உள்ளூர் மொழியும் வேலையும் பயின்று, பிறகு இரண்டாண்டு அந்த ஊரிலேயே தங்குகிறார்கள். அவர்களைத் தன்னார்வலர் என்றால் போதும். கட்டணம் கட்டிச் சில வாரம் போய்வருவதற்குத் தன்னார்வச் சுற்றுலா; அது குழந்தைகள் இல்லத்தை நோக்கியதானால் காப்பகச் சுற்றுலா.